கேட்டு அக்கரையில் இருந்தது

போன வாரம் நம்முடைய பள்ளிக்கூடத் தோழிகள் வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். புதுச் சாலையில் சுங்கச்சாவடி வரப்போகிறதாம், எதிர்ப்பவர்கள் பெயரைப் போடுங்கள் என்று நம்மில் ஒருத்தி கேட்டிருந்தாள். நானும் போட்டேன். கட்டைவிரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். அடுப்பில் பால் பொங்குவதற்குள் வேலை முடிந்துவிட்டது. போனைக் கீழே வைத்த பிறகுதான் பெரியப்பா நினைவுக்கு வந்தார். வந்தவர் இன்னும் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் பெரும்பாலும் காரைக்கால் டவுன் பிள்ளைகள். நான் தெற்கே பட்டினச்சேரிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போனவள். மீன்வாடை அடிக்கிறது என்று என் பையைத் தள்ளி வைத்தவர்களும் உங்களில் உண்டு. பேரன் பேத்தி எடுத்த பிறகு அதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் வாடை உண்மைதான். எங்கள் அப்பா மீன் வண்டி ஓட்டினார். பழைய வேன் ஒன்று. பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, மரத்தூள் தூவிய ஐஸ் கட்டிகளை அடுக்கி, அதன்மேல் கூடைகள், கூடைகளுக்கு நடுவில் மீன்காரப் பெண்கள். விடிகிற நேரத்தில் பட்டினச்சேரிக் கரையில் ஏற்றி, ஆற்றைத் தாண்டி அந்தப் பக்கத்துச் சந்தைகளில் இறக்கிவிட்டு வருவார். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தால் கால் விரலெல்லாம் விறைத்துப் போகும், மூக்கில் மட்டும் வெந்நீர் ஊற்றினதுபோல வாடை ஏறும். அந்த வாடை எனக்கு வீட்டு வாடை.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாம், நமக்குச் சட்டசபை பாண்டிச்சேரியில். அந்தப் பக்கம் தமிழ்நாடு. பாலம் வருவதற்கு முன்னால் வண்டி மேற்கே வெகுதூரம் சுற்றிக்கொண்டு போகவேண்டும். கூடை மட்டும் வைத்திருப்பவர்கள் தோணியில் போவார்கள். பிறகு பாலம் கட்டினார்கள். திறந்த அன்று நாங்கள் வெறுங்காலோடு புதுத் தாரின்மேல் ஓடினோம். தார் வெயிலுக்கு இளகி உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டது. அம்மா மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்தும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நான் கறுப்புக் காலோடுதான் போனேன். தோணிக்காரர் தன் தோணியை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். இனிமேல் தோணி எதற்கு என்று எல்லோரும் நினைத்தோம்.

கோடை முடிகிற சமயத்தில் பாலத்துக்குக் காசு வசூலிக்க ஒரு கேட்டு வைத்தார்கள்.

பாலத்தின் அக்கரை முனையில் ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு மேசை, குறுக்கே வெள்ளையும் சிவப்பும் அடித்த ஒரு சவுக்குக் கம்பு. பக்கத்தில் தகரப் பலகை. லாரிக்கு இவ்வளவு, வேனுக்கு இவ்வளவு, மாட்டு வண்டிக்கு இவ்வளவு என்று எழுதிக்கொண்டே வந்து, கடைசி வரியில் தலைச்சுமைக்கு இவ்வளவு என்று எழுதியிருந்தது. சும்மா நடந்து போனால் ஒன்றுமில்லை. தலையில் கூடை இருந்தால் காசு; வேனில் வந்தாலும் கேட்டில் இறங்கிக் கூடைக்குத் தனியாகக் கட்டவேண்டும். பாலம் கட்டின செலவை எடுப்பதற்காக யாரோ ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள் என்றார்கள். அந்தக் குத்தகைக்காரரை நாங்கள் யாரும் கடைசிவரை பார்க்கவே இல்லை. நாங்கள் பார்த்ததெல்லாம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கேட்டுக்காரரைத்தான். ஒடிசலான மனிதர், சம்பளத்துக்கு வந்தவர், காதில் பென்சில் செருகியிருப்பார்.

அப்பாவுடைய வண்டியில் மூத்தவர் என்று ஒரு அம்மாள் உண்டு. நான் அவரை மீன் அத்தை என்பேன். உறவு ஒன்றுமில்லை. புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். மகனும் மருமகளும் அவரும் ஒரே வீடு. வெற்றிலை போட்ட வாயோடு எதைச் சொன்னாலும் வண்டி முழுக்கச் சிரிப்பார்கள். முதல் நாள் அந்தப் பலகையை யாரோ படித்துச் சொன்னதும் அவர் சொன்னார்:

"தலைக்குக் காசு கெடையாதாம். தலைமேல இருக்கறதுக்குத்தான் காசாம். நல்லவேளடி, மயித்துக்குக் கேக்காம விட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். காசையும் கொடுத்தார்கள். ஆனால் சந்தையில் விற்று முடித்துத் திரும்பும்போது கூடையில் மீதி மீன் இருந்தால் அதற்கும் தனியாகக் கேட்டார்கள். அன்றைக்குச் சிரிப்பு நின்றது.

இனிப் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அப்பாவுக்கு அண்ணன். வாலிபத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து எங்கெங்கோ சண்டைக்குப் போய்விட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். ஊரில் அவரைச் சொல்தா வீட்டுக்காரர் என்பார்கள். பட்டாளத்துக்காரர்களை நம் பக்கத்தில் அப்படித்தானே சொல்வோம். நேரில் பேசும்போது முசே, பிரெஞ்சில் ஐயா. வெள்ளைக்காரன் போன சமயத்தில் யார் பிரெஞ்சுக் குடி, யார் இந்தியக் குடி என்று எழுதிக் கொடுக்கச் சொன்னபோது அண்ணன் அந்தப் பக்கம் எழுதினார், தம்பி இந்தப் பக்கம் எழுதினார். ஒரே வயிற்றில் பிறந்து அடுத்தடுத்த வீட்டில் இருந்த இரண்டு பேர் இரண்டு தேசம். சின்னப் பிள்ளையாக எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பெரியப்பா வீட்டில் குளிக்கப் போனால் பிரான்சுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவேன்.

பெரியம்மா இறந்துபோய், பிள்ளைகள் பிரான்சில் தங்கிவிட, அவர் தனியாக இருந்தார். காலையில் சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் ஒரு பச்சை எனாமல் குவளை இருந்தது. விளிம்பெல்லாம் சிராய்த்துக் கறுத்திருக்கும். பாலைவனத்தில் கூட வந்த குவளை என்பார். அதில் கறுப்புக் காப்பி குடிக்கும்போதுதான் பேசுவார். மற்ற நேரத்தில் பேச்சே கிடையாது.

கேட்டு வந்த பிறகு அந்த மனிதர் மாறிப்போனார்.

"காச குடுத்துட்டு வந்தியா?" என்று ஒருநாள் அப்பாவைக் கேட்டார்.

"குடுக்காம என்னண்ணே செய்யறது? கேட்டுல நின்னு சண்ட புடிச்சா ஐஸு கரைஞ்சி போயிடும்."

"இன்னிக்கு ஐஸு கரையும்னு குடுப்ப. நாளைக்கு நீ நடந்து போறதுக்குக் கேப்பான்."

"கேக்கட்டும்ண்ணே. அப்பவும் மீன் நாறாம போய்ச் சேரணும்ல."

பெரியப்பா குவளையைக் கீழே வைத்தார். "தேர்தல் வருது. வரட்டும்" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவர் முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து வீடு வீடாகப் போனார். எங்கள் தெருவில் எங்களைப் போல மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள், பட்டினச்சேரியில் மீனவர்கள், ஆற்றோரத்தில் மாட்டு வண்டி வைத்திருந்த சில குடும்பங்கள். எல்லா வீட்டிலும் ஒரே பேச்சைத்தான் பேசினார். கேட்டை எடுப்பேன் என்று எழுதிக் கொடுக்கிற வேட்பாளருக்கு நம் ஓட்டு. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்றால் யாருக்கும் ஓட்டு இல்லை. வீட்டில் எத்தனை ஓட்டு என்று விசாரிப்பார். வயசானவர்களை நடத்திக் கூட்டி வர ஆள் வேண்டுமா என்று கேட்பார். பட்டாளத்தில் கற்றுக்கொண்ட ஒழுங்கு. தகரத்தில் கூம்பு மாதிரி ஒரு குழல் செய்து வாங்கி, அதை வாயில் வைத்துக்கொண்டு மீன் ஏலம் விடுகிற கொட்டகையில் நின்று பேசினார். தமிழ் வேகமாக வராது. நடுநடுவே நின்று, சொல்லைத் தேடி, கிடைக்காவிட்டால் பிரெஞ்சுச் சொல் ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார். யாரும் சிரிக்கவில்லை. தங்களுக்காக ஒருவர் இவ்வளவு தடுமாறுகிறாரே என்று காது கொடுத்துக் கேட்டார்கள்.

மீன் அத்தைதான் அடுத்த அடியை எடுத்து வைத்தார். "ஓட்டு வர்ற அன்னிக்கி வரட்டும். அதுவரைக்கும் காசு குடுத்துக்கிட்டேவா இருக்கறது? பாலம் வர்றதுக்கு முன்னால நம்ம அக்கரைக்குப் போவலியா?"

"தோணியில்லையே அத்தாச்சி" என்றாள் ஒருத்தி.

"காலு இருக்குல்ல."

தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து அவர்கள் ஆற்றில் இறங்கினார்கள். ஒரு விடுமுறை நாளில், வேறு சரக்கு ஏற்றிய வண்டியில் அப்பாவோடு போகும்போது நான் பாலத்தின் மேலிருந்து பார்த்தேன். மார்பளவு தண்ணீரில் பெண்கள் வரிசையாக நடந்தார்கள். உடம்பு தெரியவில்லை. தலைகளும் தலைமேல் கூடைகளும் மட்டும் தண்ணீரின்மேல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. ஒருத்தியின் முந்தானை பின்னால் விரிந்து மிதந்தது. அத்தை முன்னால் போனார், ஒவ்வொரு அடிக்கும் காலால் தரையைத் தடவிப் பார்த்துக்கொண்டு. அப்பா வண்டியை நிறுத்தினார். கேட்டுக்காரரும் கொட்டகையைவிட்டு வெளியே வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பக்கம் சேறு, ஆச்சி! இப்படி வாங்க, இப்படி" என்று கையைக் காட்டினார். பிறகு திரும்பி வந்து அப்பாவிடம் வேனுக்கான காசை வாங்கிக்கொண்டார்.

ஐஸ் இல்லாமல் கரையேறின மீன் பாதி நாளைக்குத் தாங்கவில்லை. வந்த விலைக்குத் தள்ளினார்கள். உப்புத் தண்ணீரில் தினமும் ஊறி அவர்களுடைய கால் விரலிடுக்கெல்லாம் வெந்து புண்ணாகிவிட்டது. அம்மா மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துச் சிரட்டையில் கொடுத்தனுப்புவாள். ஆனாலும் பாலத்துக்கு அவர்கள் போகவில்லை. அவர்கள் ஏறாததால் அப்பாவின் வண்டியில் கூடைக்கூலி நின்றுபோனது. அப்பா அதைப் பற்றி அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டில் இரண்டு வேளைக் கஞ்சியானது. அவ்வளவுதான்.

தேர்தல் நெருங்கியபோது வேட்பாளர் ஒருவர் ஜீப்பில் வந்தார். ஏலக் கொட்டகையில் கூட்டம். பெரியப்பா மெடல் குத்தின கோட்டைப் போட்டுக்கொண்டு முன்னால் நின்றார். கேட்டைப் பற்றிச் சொன்னார். வேட்பாளர் கும்பிட்டபடியே கேட்டுக்கொண்டார்.

"ஜெயிச்சு வந்ததும் மொத வேல அதாங்க."

"எழுதிக் குடுங்க" என்றார் பெரியப்பா.

வேட்பாளர் சிரித்தார். அவருக்குப் பின்னால் நின்ற ஒரு ஆள் குரல் கொடுத்தான்: "பெரியவரே, மொதல்ல ஒங்களுக்கு இங்க ஓட்டு இருக்கா, அதச் சொல்லுங்க."

பெரியப்பாவுக்கு ஓட்டு இல்லை. பிரான்சுக்கு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிற தேர்தலில் அவருக்கு ஓட்டு இருந்தது. தன் வீட்டு வாசலில் போகிற ரோட்டுக்கு இல்லை. ஊருக்கெல்லாம் அது தெரியும். தெரிந்தும் யாரும் அதுவரை நினைத்துப் பார்க்கவில்லை. அவருடைய காது மடல் சிவந்துபோனதை நான் பார்த்தேன். வாயைத் திறந்தார், தமிழும் வரவில்லை, பிரெஞ்சும் வரவில்லை.

மீன் அத்தை எழுந்தார். "அவருக்கு இல்லங்க. எங்களுக்கு இருக்கு. எங்களுக்குப் பேசத் தெரியாதுன்னு அவரக் கூட்டியாந்து வெச்சிருக்கோம். எழுதிக் குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

"என்னம்மா நீங்க, பேச்சு மேல நம்பிக்க வேணாமா?" என்று சொல்லிக்கொண்டே வேட்பாளர் ஜீப்பில் ஏறிவிட்டார். எதிர்த்து நின்றவர் எங்கள் பக்கம் வரவே இல்லை.

மறுநாள் பட்டினச்சேரி அம்மன் கோயில் வாசலில் சூடம் ஏற்றி, யாரும் ஓட்டுப் போடுவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். எங்கள் தெருக்காரர்கள் மாதா கெபிக்கு முன்னால் செய்தார்கள். பெரியப்பா இரண்டு இடத்திலும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். செய்வதற்கு அவரிடம் சத்தியம் இல்லை, பார்த்துக்கொண்டு நின்றார்.

தேர்தல் நாளை நான் மறக்கமாட்டேன். எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில்தான் வாக்குச்சாவடி. காலையிலிருந்து வாசல் காலி. வரிசைக்குக் கட்டின கயிற்றில் காக்கை வந்து உட்கார்ந்தது. உள்ளே பெட்டிக்குப் பக்கத்தில் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். தலைமை அதிகாரி குரும்பகரத்திலிருந்து வந்த ஒரு வாத்தியார். நாங்கள் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தோம். மை பாட்டில் திறந்தபடி இருந்தது, ஒரு விரலுக்கும் வைக்கவில்லை. ஒருவர் மேசைமேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஊர் அவர்களைப் பட்டினி போடவில்லை. மதியத்துக்கு அம்மா சோறும் கொடுவா மீன் குழம்பும் தூக்கில் எடுத்துக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். வாத்தியார் கையலம்பிவிட்டு வந்து உட்கார்ந்து, சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்:

"நீங்களாவது வந்து ஒன்னு போட்டுட்டுப் போங்கம்மா. சும்மா ஒக்காந்து இடுப்பு வலிக்குது."

"சத்தியம் பண்ணிட்டோங்களே சார்."

"அதுவும் சரிதான்." சோற்றைப் பிசைந்தார். "அந்தக் கேட்டு அக்கரையிலல்ல இருக்கு? அது அந்த அரசாங்கத்துதும்மா. நீங்க இஞ்ச யாருக்கும் போடாட்டி அங்க யாருக்கு என்ன?"

அம்மா கரண்டியை எடுத்தாள். "கொழம்பு ஊத்திக்குங்க சார்" என்றாள். வீட்டுக்கு வந்து தூக்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அப்பாவிடம் அதைச் சொன்னாள். "எனக்குத் தெரியும்" என்றார் அப்பா. "தெரிஞ்சா சொல்லவேண்டியதுதானே?" என்றாள் அம்மா. அப்பா வெளியே பார்த்தார். பெரியப்பா தன் வாசலில் நின்றுகொண்டு, பள்ளிக்கூடப் பக்கமிருந்து வருகிற ஒவ்வொருவரையும், "யாரும் போவலியே? யாரும் போவலியே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "இப்ப போய் என்னத்த சொல்றது" என்றார் அப்பா.

சாயங்காலம் பெட்டியைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். ஒரு ஓட்டும் விழவில்லை. ஊரே ஏலக் கொட்டகையில் கூடியது. யாரோ பறை அடித்தார்கள். பெரியப்பாவுக்கு மாலை போட்டார்கள். அவர் மாலையைக் கழற்றி மீன் அத்தைக்குப் போட்டார். அத்தை வெட்கப்பட்டு அதை மருமகள் கழுத்தில் போட்டார். அந்த ஒரு சாயங்காலம் நாங்கள் ஜெயித்திருந்தோம். அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தல் பார்த்துவிட்டேன், நானே வரிசையில் நின்று ஓட்டும் போட்டிருக்கிறேன். அப்படி ஒரு சந்தோஷம் ஒன்றிலும் வரவில்லை.

முடிவு ரேடியோவில் வந்தது. ஜீப்பில் வந்தவரே ஜெயித்திருந்தார், நல்ல வித்தியாசத்தில். எங்கள் காலிப் பெட்டி அந்தக் கணக்கில் எங்கேயும் தெரியவில்லை. பேப்பரில் ஒரு வரிகூட வரவில்லை. ஜெயித்தவர் நன்றி சொல்ல ஊர் ஊராகப் போனார். எங்கள் ஊருக்கு வரவில்லை. நன்றி சொல்ல எங்களிடம் என்ன இருந்தது?

பெரியப்பா கோட்டை மாட்டிக்கொண்டு காரைக்காலுக்குப் போனார். அப்பாதான் கூட்டிக்கொண்டு போனார். மனுவை வாங்கிப் படித்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினாராம். பாலத்தில் பாதி நம்முடையது, ஆனால் கேட்டு அங்கே இருக்கிறது, அவர்களைக் கேளுங்கள் என்றாராம். அக்கரை அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே இருந்தவரும் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தாராம். "ஒங்க ஊருக்காரங்க எங்க ஜனங்க இல்லீங்களே ஐயா. ஒங்க எம்மெல்லேவப் புடிச்சிப் பேசச் சொல்லுங்க" என்றாராம். எங்கள் எம்.எல்.ஏ.வை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லையே. திரும்பி வருகிற வழியில் கேட்டில் அப்பா காசைக் கொடுத்தார். பெரியப்பா எதிர்ப்பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அன்று ஏலக் கொட்டகையில் பெண்கள் காத்திருந்தார்கள். பெரியப்பா நடந்ததைச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்ததும் மீன் அத்தை சொன்னார்:

"சரி முசே. ஓட்டுப் போடாதீங்கன்னு சொன்னீங்க, போடல. இப்ப என்ன செய்யணும்? சொல்லுங்க, செய்யறோம்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. அவர் உண்மையாகவே கேட்டார். எதைச் சொன்னாலும் செய்திருப்பார்கள். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். கையில் இருந்த தகரக் குழலை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெஞ்சின்மேல் வைத்தார், அது உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கூடையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஆறு செம்மண் நிறமாக மாறி ஏறியது. ஒரு காலையில் அத்தையின் மருமகளுக்குக் கால் தவறிவிட்டது. வலை வீசிக்கொண்டிருந்தவர்கள் பாய்ந்து, முகத்துவாரத்துக்கு முன்னால் அவளைப் பிடித்து இழுத்தார்கள். கூடை போய்விட்டது. அவளைக் கரையில் குப்புறப் போட்டு முதுகை அமுக்கினபோது அத்தை அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "இருக்கியா, இருக்கியாடி" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு யாரும் ஆற்றில் இறங்கவில்லை.

மறுநாள் பெரியப்பா ஒரு காரியம் செய்தார். தன் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, குடையோடு பாலத்தில் நடந்து போய், கேட்டுக்குப் பக்கத்தில் விரித்துப் போட்டு உட்கார்ந்தார். கூடையோடு வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தன் பென்ஷன் காசிலிருந்து எடுத்துக் கேட்டுக்காரரிடம் கொடுத்தார். "போங்க, போங்க" என்றார். அவர்கள் தயங்கினார்கள். மழை, மீன் காத்திருக்காது, வீட்டில் பிள்ளைகள். குனிந்த தலையோடு போனார்கள். அப்பாவின் வண்டியில் பழையபடி ஏறவும் ஆரம்பித்தார்கள். பெரியப்பா தினமும் போனார். கேட்டுக்காரருக்கும் அவருக்கும் பழக்கமாகிவிட்டது. மழைச் சாரல் அடித்தால் கேட்டுக்காரர் அவர் நாற்காலியைக் கொட்டகைக்கு உள்ளே இழுத்துப் போடுவாராம்.

எனக்கு அப்போது பெருமை தாங்கவில்லை. எங்கள் பெரியப்பாதான் எல்லோருக்கும் கட்டுகிறார் என்று பள்ளிக்கூடத்தில் உங்களிடம்கூடச் சொல்லியிருப்பேன். வளர்ந்த பிறகு, வெகுநாள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. உப்புத் தண்ணீரில் கால் வெந்தும் பாலத்தில் ஏறாத பெண்களை ஏற வைத்தவர் அவர்தான். முகம் தெரியாத அந்தக் குத்தகைக்காரருக்கு எங்கள் ஊரிலிருந்து ஒழுங்காகக் காசு போய்ச் சேர்ந்தது அவர் கையால்தான். போராட்டத்தைத் தொடங்கினவரே அதை முடித்தும் வைத்தார். ஆனால் அவர் வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால், இந்த வயதிலும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இன்னொரு பெண்ணை ஆறு இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கவும் முடியாது.

மீன் அத்தை மட்டும் வரவில்லை. மருமகளோடு வீட்டில் இருந்தார், கரையில் கருவாடு காயவைத்தார். மழைக்குக் கருவாடு எங்கே காயும்? புழுத்துப் போனதைக் கொட்டினார். ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லாத நாள், நான் அப்பாவோடு முன் சீட்டில் இருந்தேன். கரையில் அத்தை கூடையோடு நின்றிருந்தார். ஏறினார்.

கேட்டில் பெண்கள் இறங்கினார்கள். பெரியப்பா அத்தையைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். மற்றவர்களுக்கு உட்கார்ந்தபடியேதான் கொடுப்பார். கையில் சில்லறையை எடுத்து வைத்துக்கொண்டு, "வந்துட்டீங்களா" என்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

அத்தை இடுப்பு முடிச்சை அவிழ்த்தார்.

"வேணாம் முசே. ஏங்கிட்ட இருக்கு."

ஈரக் காசைக் கேட்டுக்காரரின் மேசைமேல் வைத்தார். கேட்டுக்காரர் பெரியப்பாவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், பிறகு காசை எடுத்துக்கொண்டார். அத்தைக்குப் பின்னால் நின்ற பெண்ணும் முந்தானையை அவிழ்த்தாள். அவளுக்குப் பின்னால் இருந்தவளும். யாரும் அவரைக் கோபித்துப் பேசவில்லை. ஒவ்வொருத்தியும் தன் காசை வைத்துவிட்டு, அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள். மழை தூறிக்கொண்டிருந்தது. பெரியப்பா கடைசிப் பெண் போகும்வரை நின்றுகொண்டே இருந்தார், நீட்டின கையோடு.

எல்லோரும் மறுபடி ஏறியதும் வண்டி கிளம்பியது. நான் பின்பக்கம் திரும்பி, "அத்தை, பெரியப்பா மேல கோவமா?" என்று கேட்டேன்.

அத்தை கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"கோவம் என்ன கண்ணு. நல்ல மனுசன். அவருக்கு இஞ்ச ஓட்டும் கெடையாது, தலையில கூடையும் கெடையாது. எத வெச்சிக்கிட்டு எதுத்து நிப்பாரு, பாவம்."

அப்பா முன்னால் பார்த்தபடி கியரை மாற்றினார்.